தோட்டத்துச் சேற்று நிலமும் ஒக்டோபரில் வரும் உள்ளானும்

நுவரெலியா மாவட்டம் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, இரண்டு தேயிலை மலைகளுக்கு நடுவில், ஒன்றரை ஏக்கர் அளவில் சேற்று நிலம் ஒன்று இருக்கிறதாம். ஒக்டோபர் மழையோடு நீள மூக்குக் குருவிகள் சில அங்கே வந்து இறங்குமாம், சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னால் காணாமல் போய்விடுமாம். இப்போது அந்த இடத்தை மண் போட்டு நிரப்பி மைதானம் ஆக்கப் பேச்சு நடக்கிறது. "பிள்ளைகளுக்கு விளையாட இடம் இல்லை என்பதும் உண்மைதான் சேர். ஆனால் மனசு கேட்கவில்லை. இதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா? இவ்வளவு சின்ன இடத்தைக் காப்பாற்றி ஏதாவது பிரயோசனம் உண்டா?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நீங்கள் சட்டத்தைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியை இரண்டு தரம் வாசித்தபோது எனக்குப் பட்டது வேறு. இருநூறு வருடமாக ஒரு துண்டு நிலத்துக்கு ஏங்கி நிற்கிற நம் சனத்துக்கு நடுவில், ஒரு குருவிக்காக வாய் திறக்கலாமா, திறந்தால் அது துரோகம் ஆகிவிடுமா என்றுதான் நீங்கள் கேட்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் நின்றிருக்கிறேன். அதை அப்புறம் சொல்கிறேன். அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இருபது வருடத்துக்கு மேல் பறவைகளை எண்ணி எழுதி வருகிறேன். சட்டத்தரணி இல்லை, உங்கள் நிலத்தை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்று அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் குருவி. காய்ந்த புல்லின் நிறம், முதுகில் நீளவாக்கில் வெளிர் கோடுகள், உடம்புக்கு மிஞ்சின நீள மூக்கு, காலுக்குப் பக்கத்தில் போகும் வரை அசையாமல் கிடந்துவிட்டு 'ஸ்கேப்' என்று கத்திக்கொண்டு வளைந்து வளைந்து பறப்பது என்று நீங்கள் எழுதிய எல்லாமே உள்ளானுக்கு உரிய அடையாளங்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் நாட்டுக்கு வரும் உள்ளான்களில் மிகப் பெரும்பாலானவை ஊசிவால் உள்ளான்தான். வால் ஓரத்து இறகுகள் குண்டூசி மாதிரி மெலிந்திருப்பதால் அந்தப் பெயர். அதன் கூடு சைபீரியாவில். ஆனால் சுவின்ஹோ உள்ளான் என்று இதற்கு ஒரு நெருங்கிய உறவும் உண்டு, அபூர்வமாக வரக்கூடியது. பறக்கிற இரண்டையும் பிரித்துச் சொல்வது பழுத்த அனுபவசாலிக்கும் முடியாத காரியம். பறவை கையில் இருந்து, வால் இறகை விரித்துப் பார்த்தால்தான் நிச்சயம். ஆகவே உங்கள் கொப்பியில் 'உள்ளான்' என்று மட்டும் எழுதுங்கள். தெரிந்ததற்கு மேலே ஒரு சொல் எழுதினாலும் பின்னால் அதைப் பிடித்துக்கொண்டே முழுக் கொப்பியையும் தள்ளிவிடுவார்கள்.

நாளைக்கு விடிய ஒரு வேலை செய்யுங்கள். பனி இன்னும் புல்லில் இருக்கும்போதே சேற்றின் ஓரத்துக்குப் போய்க் குந்திப் பாருங்கள். நடுவுக்குப் போக வேண்டாம். கறுத்த சேற்றில் பென்சிலால் குத்தினது போலச் சின்னச் சின்ன ஓட்டைகள் கூட்டமாக இருக்கும். பக்கத்தில் சுண்ணாம்பைச் சொட்டினது போல வெள்ளை எச்சம் கிடக்கும். இரவில் அது மேய்ந்த தடம் அதுதான். உள்ளானின் மூக்கு நுனி நரம்பு நிறைந்தது, விரல் நுனி மாதிரி. சேற்றுக்குள் முழு மூக்கையும் இறக்கி, கண்ணால் பார்க்காமலே புழுவைத் தொட்டு அறிந்து, மூக்கின் அடிப்பகுதியைத் திறக்காமல் நுனியை மட்டும் திறந்து கவ்வும். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இந்த ஓட்டைகளைக் காட்டும்போது பறவையைப் பார்த்ததைவிட அதிகம் வாயைப் பிளப்பார்கள். நமக்கு இதில் முக்கியமான விசயம் ஒன்று உண்டு. அந்த மூக்கு இறங்க வேண்டுமென்றால் மண் மென்மையாக இருக்க வேண்டும், எப்போதும் நனைந்திருக்க வேண்டும். வடிகான் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் நிலம் அப்படியே கண்ணுக்குத் தெரியும், புல்லும் பச்சையாகத்தான் இருக்கும், உள்ளானுக்கு மட்டும் அது மூடின கதவு. மண் போட்டு நிரப்புவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவ்வளவு தூரம் அது ஏன் வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், உங்கள் டிவிஷனிலும் கேட்பார்கள். வடக்கே குளிர் காலத்தில் மண் கல்லாக உறைந்துவிடும், மூக்கு இறங்காது. அதனால் தெற்கே வருகிறது. ஆர்க்டிக் தொடங்கி இந்து சமுத்திரம் வரை முப்பது நாடுகளுக்கு மேலாகப் போகிற வான் வழி ஒன்று இருக்கிறது, மத்திய ஆசியப் பறவைப் பாதை என்பார்கள். அதன் தெற்கு முனை இலங்கை. நமக்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை பறவை கால் வைக்கத் தரை கிடையாது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் முதுகில் சின்ன ஜிபிஎஸ் கருவியைப் பொருத்திப் பார்த்தபோது அவை ரஷ்யாவின் வடகோடிக்கே போய்த் திரும்பி வந்தன. உங்கள் சேற்றில் இறங்கும் உள்ளான் எந்த ஊர்ச் சதுப்பில் பிறந்தது என்று அப்படிச் சொல்ல முடியாது, அதன் முதுகில் கருவி இல்லை. 'வடக்கு ஆசியாவிலிருந்து வருகிறது' என்று சொன்னால் போதும், அதை யாரும் மறுக்க முடியாது.

உள்ளான் மட்டும்தானா என்றால் இல்லை. ஓடை ஓரத்தில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு நடக்கும், வயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டி கட்டாயம் இருக்கும். தேயிலை நிழல் மரத்தின் மொட்டைக் கிளையில் பழுப்புக் கீச்சான் இருக்கும். புதருக்குள் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் கேட்டால் அது அனேகமாக நாணல் கதிர்க்குருவி. பின்னேரத்தில் சேற்றுக்கு மேலே தகைவிலான்கள் பூச்சி பிடிக்கும். இவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்காரர்கள்தான். இன்னும் ஒரு விசயம். மலையகத்துக்கு வரும் பறவைகளில் உலகப் புகழ் பெற்றவை காஷ்மீர் ஈப்பிடிப்பானும் கறுப்பு வெள்ளைப் பூங்குருவியும். இவற்றைப் பார்க்கவே நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வெளிநாட்டவர்கள் கமராவோடு வருகிறார்கள். காஷ்மீர் ஈப்பிடிப்பான் இமயத்தின் வடமேற்கு மூலையில் மட்டும் கூடு கட்டி, மாரியைப் பெரும்பாலும் நம் மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் கழிக்கிறது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ளது என்று பட்டியலிடப்பட்ட பறவை. ஆனால் இந்த இரண்டும் மரத்தடிப் பறவைகள், சேற்று நிலத்துப் பறவைகள் இல்லை. மனு பலமாக இருக்கட்டும் என்று நினைத்து இவற்றின் பெயரை உங்கள் கடிதத்தில் சேர்த்துவிடாதீர்கள். கண்ணால் கண்டது இருந்தால் மட்டும் எழுதுங்கள்.

'இது வெறும் சேறு, இதைப் போய் ஈரநிலம் என்கிறாயே' என்று உங்களிடம் சொல்வார்கள். பதில் சுலபம். 1971இல் ஈரானின் ராம்சார் நகரத்தில் எழுதிய உடன்படிக்கை ஈரநிலத்தை மிக விரிவாக வரையறுக்கிறது. இயற்கையோ செயற்கையோ, நிரந்தரமோ தற்காலிகமோ, ஓடும் நீரோ தேங்கிய நீரோ எல்லாம் அடங்கும். வயலும் அடங்கும், கொத்மலை நீர்த்தேக்கத்தின் ஓரமும் அடங்கும், உங்கள் ஒன்றரை ஏக்கரும் அடங்கும். இலங்கை 1990இல் அதில் சேர்ந்தது. பெயரால் ஈரநிலம் என்பதில் தகராறே இல்லை. ஆனால் அந்தப் பெயர் தானாகப் பாதுகாப்புத் தந்துவிடாது. இலங்கையில் ராம்சார் பட்டியலில் ஆறு இடங்கள் இருக்கின்றன: புந்தல, ஆனவிழுந்தாவ, மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. ஆறும் கரையோரத்திலும் தாழ்நிலத்திலும்தான். மலைநாட்டில் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1873ஆம் ஆண்டு, கோப்பிக் காலத்தின் உச்சத்தில், லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் 5000 அடிக்கு மேலே காட்டை வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். இன்றைக்கு நம் மலை உச்சிகளில் காடு மிஞ்சியிருக்கிறதென்றால் அதில் அந்த வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு. அதே 1873இல்தான் கவர்னர் வில்லியம் கிரகரி, நுவரெலியாப் பட்டணத்தின் அடியில் கிடந்த சதுப்பை அணை கட்டி வாவியாக்க உத்தரவிட்டார். அதுதான் இன்றைய கிரகரி வாவி. காடு என்றால் காக்க வேண்டிய பொருள், சேறு என்றால் ஒழுங்குபடுத்த வேண்டிய வெற்றிடம். அந்தப் பார்வை அன்றைக்கே உட்கார்ந்துவிட்டது, இன்றைக்கும் போகவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் உள்ளானைச் சுடப் போனார்கள், அது நின்ற நிலத்தைக் கணக்கில் வைக்கவில்லை. பள்ளத்தாக்கின் அடிச் சதுப்புகள் மைதானமாக, குதிரை ஓடும் இடமாக, மரக்கறித் தோட்டமாக ஒவ்வொன்றாக மாறின. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் உங்களுடையது மாதிரி, பெயர் இல்லாத துண்டுகள்தான்.

சரி, சட்டத்துக்கு வருவோம். உள்ளானைச் சுடுவதும் கண்ணி வைத்துப் பிடிப்பதும் குற்றம், இதில் ஐயம் வேண்டாம். 1937இன் 2ஆம் இலக்க வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், அதன் திருத்தங்களோடு சேர்த்து, ஒரு சில இனங்களைத் தவிர எல்லாப் பறவைகளையும் நாடு முழுவதும் காக்கிறது. ஆனால் சரணாலயம், தேசிய பூங்கா போன்ற அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு வெளியே அந்தச் சட்டம் காப்பது பறவையை. பறவை நிற்கும் சேற்றை அல்ல. அடுத்தது சுற்றாடல் தாக்க மதிப்பீடு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993 ஜூன் 24 வர்த்தமானி, ஈரநிலத்தை நிரப்பும் வேலை நான்கு ஹெக்டேயருக்கு மேல் போனால்தான் மதிப்பீடு தேவை என்கிறது. நான்கு ஹெக்டேயர் என்றால் கிட்டத்தட்ட பத்து ஏக்கர். உங்களுடையது ஒன்றரை. அந்த வலையின் கண்ணுக்குள்ளால் அது நழுவிப் போய்விடுகிறது. அளவு எதுவானாலும் அனுமதி கேட்கவேண்டிய இடங்களும் அதே வர்த்தமானியில் உண்டு: பாதுகாக்கப்பட்ட காட்டின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள், நீர்த்தேக்கத்தின் ஒதுக்கு நிலத்துக்குள், மண்ணரிப்புப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடத்துக்குள் என்று. உங்கள் இடம் இதில் ஏதாவது ஒன்றில் விழுகிறதா என்று பிரதேச செயலகத்துக் காணி வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும். அந்த நிலம் எப்போதாவது வயலாகப் பதிவாகியிருந்தால் நிலைமை இன்னும் நல்லது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. தோட்டங்களுக்குள் வயல் குறைவு என்றாலும் கமநல சேவை நிலையத்தில் ஒரு தரம் விசாரித்து வையுங்கள்.

இன்னொன்று நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம்தான் கம்பனிகளுக்குப் போனது. பெரும்பாலான தோட்டங்களில் நிலம் இன்னும் அரசாங்கத்தினுடையது, குத்தகையில்தான் இருக்கிறது. ஆகவே தோட்டத்தை நடத்தும் துரையின் ஒரு வார்த்தையோடு முடிகிற விசயம் இல்லை இது. யார் அனுமதி கொடுத்தார், எந்தத் திட்டத்தின் கீழ், எந்த வரைபடத்தின்படி என்று 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவோமா மாட்டோமா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் பதில் சொல்ல வேண்டும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் ஓர் இடத்தைச் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசம் என அறிவிக்கவும் வழி உண்டு. கிரகரி வாவியும் கண்டி ஹந்தானை மலையும் அப்படி அறிவிக்கப்பட்டவை. ஆனால் ஒன்றரை ஏக்கருக்கு அந்தக் கதவைத் தட்டினால் திறக்கும் என்ற நம்பிக்கையை நான் உங்களுக்குக் கொடுக்க மாட்டேன். கூட்டிப் பார்த்தால், சட்டம் உங்களுக்குக் கொஞ்சம் கால அவகாசம் வாங்கித் தரும். நிலத்தைக் காப்பாற்றித் தரும் என்று நினைத்து அதிலேயே தொங்கிக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது என் கதை. பதினைந்து வருடம் இருக்கும். நான் படிப்பித்த இடத்துக்குப் பக்கத்தில் இதே மாதிரி ஒரு சேறு இருந்தது, உங்களுடையதைவிடக் கொஞ்சம் பெரிது. வருடா வருடம் அங்கே உள்ளான் எண்ணுவேன். அதை நிரப்பிச் சமப்படுத்த ஒரு நிர்வாகம் முடிவு செய்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூட்டம் போட்டார்கள். நான் எழும்பி, சைபீரியா, பறவைப் பாதை, ராம்சார் எல்லாவற்றையும் அரைமணி நேரம் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, நாற்பது வருடம் கூடை சுமந்தவர், கோபமே இல்லாமல் கேட்டார்: "சேர், எங்க பேரப்பிள்ளைகளுக்கு ஒரு எடம் வருது. நீங்க குருவிக்கு எடம் கேக்குறீங்களே." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மூன்று மாதத்தில் சேறு மூடப்பட்டது.

அதற்கு அடுத்த மாசி மாதம், கீழ் லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலியில் ஓட்டம் நூலாகிப் போனது. பங்குனியில் சொட்டத் தொடங்கியது. பெண்கள் மலை வேலை முடித்து வந்து, மேல் லயம் வரை குடத்தோடு ஏற வேண்டியிருந்தது. ஒருநாள் பாதையில் அந்தப் பாட்டி என்னை நிறுத்தினார். "அந்தத் தண்ணி அங்கேருந்துதான் வருதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சேர்" என்றார். தம்பி, அந்த வார்த்தை இன்றைக்கும் என் நெஞ்சில் நிற்கிறது. அந்த வருடம் மழையும் குறைவுதான், ஆகவே எவ்வளவு மழையால், எவ்வளவு சேற்றை மூடியதால் என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு எதுவும் இருக்கவில்லை. அளந்து வைத்திருக்க வேண்டும். பறவையை வருடக்கணக்காக எண்ணிய நான் பீலியை ஒரு நாளும் அளக்கவில்லை.

சேற்று நிலம் தண்ணீரை வைத்துக்கொடுக்கும் விதத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. மலைச்சரிவில் விழும் மழை பள்ளத்துக்கு வருகிறது. அங்கே கோரையும் பாசியும் செத்து மக்கி, காற்றுப் படாமல் கறுப்பு மண்ணாகக் கிடக்கிறது. அந்த மண் நீரை உறிஞ்சி வைத்து, மழை நின்ற பிறகும் மெள்ள மெள்ளக் கீழே கசிய விடுகிறது. மேட்டிலிருந்து வரும் மண்ணையும் உரத்தையும் கூட அது பெருமளவு பிடித்து வைத்துக்கொள்கிறது. ராகலைப் பக்கத்து ஓடைகளும் எங்கள் அக்கரா ஓயாவும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் மகாவலிக்குத்தான் போகின்றன. கீழே இருக்கும் அணைகளில் வண்டல் நிரம்புவதைப் பற்றிப் பெரிய இடங்களில் கவலைப்படுகிறார்கள். அந்த வண்டல் புறப்படுவது நம் லயத்துக்குப் பக்கத்தில்.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். சேற்றுக்குக் கீழே உள்ள பீலியில் ஒரே வாளியை ஒரே இடத்தில் வைத்து, நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறது என்று போனில் பார்த்து எழுதுங்கள். கிழமைக்கு ஒரு தரம், ஒரே நேரத்தில். பக்கத்தில் அந்தக் கிழமை மழை பெய்ததா என்றும் எழுதுங்கள். சேறு இல்லாத இன்னொரு பள்ளத்தில் பீலி இருந்தால் அதையும் சேர்த்து அளங்கள், ஒப்பிட உதவும். மழை நின்று மூன்று, நான்கு கிழமையான பிறகும் உங்கள் பீலி ஓடுகிறது, மற்றது வற்றுகிறது என்று வந்தால், அந்த ஒரு பக்கம் போதும் கூட்டத்தில் காட்டுவதற்கு. அப்படி வராமல் போனால் அதையும் ஒத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சேறும் எல்லாப் பீலிக்கும் தாய் இல்லை, சிலது வேறு ஊற்றிலிருந்து வரும்.

சொல்லக் கூடாத இரண்டு விசயமும் இருக்கின்றன. ஒன்று, 'இதை மூடினால் மண்சரிவு வரும்' என்பது. மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை 2014 ஒக்டோபர் 29 காலை மண் மூடியதை நம்மில் யாரும் மறக்கவில்லை. அந்தப் பயத்தை வைத்து ஒரு வாதத்தைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீர் போகும் வழியை மறித்து மண் குவிப்பது சரிவில் ஆபத்தாகலாம் என்பது பொதுவான உண்மை. உங்கள் சரிவில் ஆபத்து உண்டா இல்லையா என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் புவியியலாளர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர்களை வரச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. இரண்டு, 'உள்ளான் அழிந்துகொண்டிருக்கிறது' என்பது. ஊசிவால் உள்ளான் உலக அளவில் ஆபத்துப் பட்டியலில் இல்லை. என் கொப்பியில் எண்ணிக்கை ஏறும், இறங்கும். ஓர் இடத்துக் கொப்பியை வைத்து ஓர் இனத்தின் தலைவிதியைச் சொல்ல முடியாது. 'இந்த இடத்தில் இத்தனை வருகிறது, நிரப்பினால் இந்த இடத்தில் வராது' என்பது மட்டும் கல்லில் எழுதலாம். வேறு இடத்துக்குப் போய்விடாதா என்று கேட்பார்கள். போகும், ஆனால் அந்த வேறு இடமும் இதே வருடத்தில் யாரோ ஒருவருடைய மைதானப் பட்டியலில் இருக்கக் கூடும்.

மைதானத்துக்கு வருகிறேன். மைதானம் வேண்டாம் என்று ஒருநாளும் சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளைகள் தார் ரோட்டில் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். 'எங்கே' என்பதை மட்டும் பேசுங்கள். கறுப்புச் சேற்று மண்ணின் மேல் செம்மண்ணைக் கொட்டினால் அது வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். நான் சொன்ன அந்த இடத்தில் ஒரு மூலை இன்றைக்கும் மழைக் காலத்தில் முழங்கால் அளவு சேறு, பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. அதே லொறி மண்ணையும் மெஷின் கூலியையும் வைத்து, கைவிட்ட தேயிலைத் துண்டு ஒன்றையோ பழைய தேயிலைக் கன்றுத் தவறணை இடத்தையோ சமப்படுத்தினால் இறுகின தரை கிடைக்கும். உங்கள் டிவிஷனில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று வயதான கங்காணிமாரைக் கேளுங்கள், அவர்களுக்கு ஒவ்வொரு மலையும் மனப்பாடம். பெரிய மைதானத்துக்கு இடம் இல்லையென்றால் சேற்றின் மேல் ஓரத்து உலர்ந்த தோளில் ஒரு கரப்பந்து அடிக்கும் அளவு சமப்படுத்தலாம். அந்தச் சமரசத்துக்கு நான் கை தூக்குவேன்.

நிலம் தப்பினால் அதை வேலி போட்டுப் பூட்டி வைக்கவும் தேவையில்லை. மாட்டுக்குப் புல் அறுக்கிறவர்கள் அறுக்கட்டும், இரண்டு மூன்று மாடு மேயட்டும். என் அனுபவத்தில் புல் ஆள் உயரம் வளர்ந்த சேற்றைவிட, அங்கங்கே கட்டையாகவும் சேறு தெரியவும் இருக்கும் இடத்தில்தான் உள்ளான் கூடுதலாக நிற்கிறது. தடுக்க வேண்டியவை நான்குதான்: வடிகான், மண், குப்பை, மருந்து தெளித்த பம்பைக் கழுவுவது. கரையில் டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூக்கலிப்டஸ் மரம் நடச் சொல்லி யாராவது கன்று கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சேற்றைக் குடித்துவிடும்.

பறவை எண்ணுவதற்கு நடுச் சேற்றில் இறங்கித் துரத்த வேண்டாம். மூவாயிரம், நாலாயிரம் மைல் பறந்து வந்த உடம்பு அது, ஒவ்வொரு தரம் கிளப்பும்போதும் அதன் கொழுப்பு கரைகிறது. பொழுது சாய்கிற நேரத்தில் மேல் ரோட்டில் நின்று, இருபது நிமிடம், வந்து இறங்குகிறதை மட்டும் எண்ணுங்கள். ஒன்றும் வராத நாளில் பூச்சியம் என்று எழுதுங்கள், பூச்சியமும் கணக்குத்தான். பறவைக் கணக்கைப் பதியும் ஈபேர்ட் என்ற செயலியில் இடத்தோடு பதிந்து வைத்தால் அந்தச் சேறு உலகக் கணக்கில் ஏறிவிடும். 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இலங்கைக் களப் பறவையியல் குழு இருக்கிறது, 1943இல் தொடங்கிய சிலோன் பேர்ட் கிளப் இருக்கிறது. ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு இடங்களைச் சேர்ப்பவர்கள் அவர்கள்தான். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து அவர்களுக்குப் போகும் கணக்கு மிகக் குறைவு. தமிழில் எழுதுகிறோமே என்று தயங்காதீர்கள், எண்ணுக்கு மொழி இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு விஞ்ஞான டீச்சரைப் பிடியுங்கள், பிள்ளைகளையும் சேருங்கள். கூட்டத்தில் நீங்கள் பேசுவதைவிட, பத்து வயதுப் பிள்ளை தான் எழுதிய கொப்பியைத் தூக்கிக் காட்டினால் எடுபடும்.

மைதானத்தைப் பற்றிப் பேசும் கூட்டம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் பங்குனிக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள், அப்போது பெரியவர்களை மாலையில் அந்த ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம். ஏப்ரலில் யார் வந்து பார்த்தாலும் அங்கே புல் மட்டும்தான் தெரியும். பீலிக் கணக்கை ஒரு மாதம் எழுதி முடித்ததும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.